முன் ஹவுசிங்கைப் பார்க்காமல் ஜீப் வாங்கலாமா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க வருகிறவர் என்னென்ன பார்க்கிறார்? பானட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார். புகை என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்கிறார். சேசிஸில் துரு இருக்கிறதா, டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் கைமாறியிருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார். பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்கார்ந்து விடுகிறார்.

சாதாரண வண்டிக்கு இதுவே போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வண்டிக்கு அதிக விலை சொல்லப்படுவதே ஃபோர் வீல் டிரைவ் என்பதற்காகத்தான். அந்த அதிக விலைக்கான பொருள் எங்கே இருக்கிறது? முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, தரைக்குச் சற்று மேலே தொங்கும் உருண்டையான இரும்புக் கூட்டுக்குள். பட்டறைகளில் ‘முன் ஹவுசிங்’ என்று சொல்வார்கள். உள்ளே இருப்பது முன் டிஃபரன்ஷியல். பணம் எதற்காகக் கூடுதலாகப் போகிறதோ, அதை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை!

முன் டிஃபரன்ஷியலின் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது பெரிய மெக்கானிக்குகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு காந்தம், ஒரு மணி நேரப் பொறுமை. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு இவை போதும். தேவைப்படுவது கருவி அல்ல, வரிசை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் நம்புவது என்ற வரிசை.

உள்ளே என்னதான் இருக்கிறது?

டிரான்ஸ்ஃபர் கேசிலிருந்து வரும் முன் பிராப்பலர் ஷாஃப்ட் ஒரு சின்னப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது பினியன். பினியன் ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது கிரவுன் வீல். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் நான்கைந்து சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. இவற்றை ஸ்பைடர் கியர் என்பார்கள். வளைவில் இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இவைதான் வழிவிடுகின்றன. இவை அனைத்தையும் பேரிங்குகள் தாங்குகின்றன, ஆயில் நனைக்கிறது, சீல்கள் அந்த ஆயிலை வெளியே விடாமல் காக்கின்றன. அவ்வளவுதான்.

பின் டிஃபரன்ஷியலிலும் இதே சாமான்கள்தான். ஆனால் முன்னால் இருப்பது கெட்டுப்போகும் விதம் வேறு. பின்னால் இருப்பது உழைத்துத் தேய்கிறது. முன்னால் இருப்பது பெரும்பாலும் சும்மா இருந்து கெடுகிறது. மீதி நேரம் தவறான இடத்தில் உழைத்துக் கெடுகிறது. இந்த வேறுபாடு புரிந்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி.

மாருதி ஜிப்ஸியை எடுத்துக்கொள்ளலாம். 1985-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி. பழைய மஹிந்திரா ஜீப்களும், 2010 முதல் 2020 வரை விற்ற முதல் தலைமுறை தாரும் இதே இனம். ‘பார்ட் டைம்’ ஃபோர் வீல் டிரைவ் என்பார்கள். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். லீவரை இழுத்துப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இன்னொரு டிஃபரன்ஷியல் கிடையாது.

இதனால் என்ன ஆகிறது? வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. அதாவது அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றிலோ மணலிலோ அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், கிராஸ், பினியன், கிரவுன் என்று ஒவ்வொன்றின் மேலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், லீவரை எடுத்தாலும் சுலபத்தில் வராது. “ஃபோர் வீல்ல போட்டா ரோட்ல நல்லா கிரிப் இருக்கும்” என்று நம்பி ஓட்டிய ஒருவரிடம் அந்த வண்டி இருந்திருந்தால், கிலோமீட்டர் கணக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் முன் டிஃபரன்ஷியல் வயதானதுதான்.

இது உழைத்துக் கெடுவது. சும்மா இருந்து கெடுவதும் உண்டு. ஃப்ரீ வீலிங் ஹப் பொருத்திய வண்டிகளில் ஹப்பைத் திறந்துவிட்டால் முன் அச்சும் டிஃபரன்ஷியலும் சுற்றுவதே இல்லை. டீசல் மிச்சம், தேய்மானம் மிச்சம் என்று வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவார்கள். சுற்றாத டிஃபரன்ஷியலில் ஆயில் கீழே தேங்கி நிற்கும். மேல் பாதியில் இருக்கும் பேரிங்கும் பல்லும் காய்ந்து கிடக்கும். இரவில் உள்ளே ஈரம் படியும். பேரிங் உருளைகளில் துருப்புள்ளி விழும். சீலின் ரப்பர் விறைத்துப்போகும். மாதம் ஒருமுறை மண் பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

மூன்றாவது எதிரி தண்ணீர். ஹவுசிங்கின் மேலே சின்னதாக ஒரு மூச்சுக் குழாய் இருக்கும். பிரீதர் என்பார்கள். அது மண்ணடைத்துப் போனால், ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மலைப்பாதையில் ஓடிய வண்டிக்கு இது அடிக்கடி நடக்கக்கூடியது.

விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு. “அண்ணே, முன் ஹவுசிங்ல கையே வைக்கல. கம்பெனில போட்டது அப்படியே இருக்கு!” கேட்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்க வேண்டும். பதினைந்து வருட வண்டியில் கையே வைக்கவில்லை என்றால், பதினைந்து வருடமாக ஆயில் மாற்றவில்லை என்றும்தானே அர்த்தம்?

சத்தத்தை நம்பலாமா?

வண்டி ஓடும்போது முன்னால் ‘ஊஊ’ என்று ஒரு சத்தம் வருகிறது. உடனே தீர்ப்பு: “டிஃபரன்ஷியல் போச்சு.” இல்லாவிட்டால் அதற்கு நேர் எதிரான தீர்ப்பு: “ஜீப்புன்னா அப்படித்தான் சத்தம் வரும்.” இரண்டுமே சோம்பேறித்தனம். முதலாவதில் நல்ல டிஃபரன்ஷியலைப் பிரித்துப் போட்டுப் பணத்தைக் கரைக்கிறார்கள். இரண்டாவதில் கெட்டுப்போனதைத் தலையில் கட்டுகிறார்கள்.

சத்தத்தின் குற்றவாளியைப் பிடிக்க எளிய வழிகள் இருக்கின்றன. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியலுக்கு ரோடு என்னவென்று தெரியாது. இடமும் வலமுமாக மெதுவாக வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் சத்தம் கூடி மறுபக்கம் குறைந்தால் அது பெரும்பாலும் வீல் பேரிங். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஃபோர் வீலில் நகர்த்தும்போது ‘டக் டக் டக்’ என்று வந்தால் அது சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட் அல்லது கிராஸ்.

ஃப்ரீ வீலிங் ஹப் உள்ள வண்டியில் இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. லீவர் டூ வீலிலேயே இருக்கட்டும். இரண்டு ஹப்பையும் பூட்டி ஒரு நேரான ரோட்டில் ஓட்ட வேண்டும். பிறகு இரண்டையும் திறந்துவிட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். பூட்டியபோது இருந்த சத்தம் திறந்தபோது காணாமல் போனால், குற்றவாளி முன் அச்சிலோ டிஃபரன்ஷியலிலோ முன் ஷாஃப்ட்டிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் முன் டிஃபரன்ஷியலை விட்டுவிட்டு டயர், வீல் பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சு என்று தேட வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு பைசா செலவில்லை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

அடுத்து, மண் பாதையில் ஃபோர் வீலில் போட்டு ஓட்டிக் கேட்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கலாம். காலை எடுத்தால் மட்டும் ஊளையிட்டால் மறு முகம், அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரேமாதிரி கரகரத்தால் பேரிங் மேல் சந்தேகம் போக வேண்டும். வளைவில் மட்டும் வருவது ஸ்பைடர் கியர். ஏனென்றால் நேராகப் போகும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று உருளுவதில்லை.

ஆனால் நேராகப் போகும்போதும் அவை உருளும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஒரு ஹப் பூட்டியும் மறு ஹப் திறந்தும் (அல்லது உடைந்தும்) இருக்கும்போது பூட்டிய பக்கத்து அச்சு சுற்ற, மறுபக்கத்து அச்சு பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பைடர் கியர்களுக்கு ஓய்வே இல்லை. வளைவுக்கு மட்டும் என்று செய்த சின்னப் பல்லுகள் நாள் முழுக்க ஓடினால் என்ன ஆகும்? ஆகவே இரண்டு ஹப்பும் ஒரேமாதிரி பூட்டித் திறக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

பினியன் சத்தத்துக்கும் வீல் பேரிங் சத்தத்துக்கும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. சக்கரம் ஒருமுறை சுற்றும்போது பினியன் நான்கைந்து முறை சுற்றிவிடும். அதனால் பினியன் பேரிங்கின் சத்தம் மெல்லிய, உயர்ந்த சுருதியில் வரும். வீல் பேரிங் அடிக்குரலில் உறுமும். பழகிய காதுக்கு இது போதும். ஆனால் காதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் பணம் கொடுப்பது சரியில்லை. காது சந்தேகப்படலாம், சாட்சி சொல்ல வேண்டியது ஆயில்.

ஆயில் சொல்லும் கதை

முதல் விதி: கீழே இருக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன் மேலே ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறக்க வேண்டும். கீழே திறந்து ஆயிலை வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துச் சுழலவில்லை என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மேல் பிளக்கைத் திறந்ததும் விரலை உள்ளே விட்டால் ஓட்டையின் விளிம்பை ஒட்டி ஆயில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆயில் எங்கே போனது என்பது அடுத்த கேள்வி.

பெரும்பாலும் பதில் பக்கத்திலேயே இருக்கும். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன் அச்சின் இரு முனையிலும் ஸ்டியரிங் திரும்புவதற்காகப் பந்து போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் கிரீஸ் இருக்க வேண்டும். அச்சின் உள் சீல் போய்விட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் அச்சு வழியாக வந்து அந்தக் கிரீஸைக் கரைத்துவிடும். பந்திலிருந்து கூழ் மாதிரி வழியும். விற்பவர் “கிரீஸ் கொஞ்சம் அதிகமா வச்சுட்டாங்க” என்பார். கிரீஸ் வழியாது. வழிந்தால் அதில் ஆயில் கலந்திருக்கிறது. அப்படியானால் உள்ளே ஆயில் குறைந்திருக்கிறது. ஆயில் குறைந்து எவ்வளவு நாள் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு கீழ்ப் பிளக். கொஞ்சம் ஆயிலை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் பார்க்க வேண்டும். பழுப்பாகவோ கருத்தோ இருந்தால் பழைய ஆயில், பயப்பட ஒன்றுமில்லை. பாலும் டிகாஷனும் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தட்டைச் சாய்க்கும்போது வெள்ளித் தூள் மாதிரி மினுக்கினால் உலோகம் தேய்கிறது. பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தட்டின் அடியில் நகர்த்தலாம்.

இங்கேதான் பலர் பயந்து போகிறார்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது இயல்பு. பல்லோடு பல் உரசும் எந்த இடத்திலும் அது வரும். விரலால் தேய்க்கும்போது வழவழவென்று இருந்தால் சரி. விரலில் குத்தினால் சரியில்லை. செதில் மாதிரி வந்தால் பேரிங்கின் மேற்பரப்பு உரிகிறது. ஓரம் கூர்மையான துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

புத்தம் புதிய ஆயில் பளபளவென்று இருந்தால்? அதுவும் ஒரு செய்திதான். பார்க்க வருகிறவருக்காக முந்தின நாள் மாற்றியிருக்கலாம். ஒழுங்காகப் பராமரிக்கிறவராகவும் இருக்கலாம். கின்பின், ஸ்பிரிங் புஷ் எல்லாம் காய்ந்து கிடக்க, முன் டிஃபரன்ஷியல் ஆயில் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். பல வண்டிகளின் கிரவுன் பினியனில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு சறுக்கவும் செய்கின்றன. பினியன் நடுக்கோட்டுக்குச் சற்று விலகியிருக்கும் இந்த அமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். சறுக்கும் பல்லுக்கு அதிக அழுத்தம் தாங்கும் ஜி.எல்.-5 வகை ஆயில் தேவை. “ஆயில்னா ஆயில்தானே” என்று கியர்பாக்ஸுக்கு வாங்கிய மிச்சத்தை இதில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பல் தேய்ந்த பிறகு கம்பெனியைத் திட்டுவார்கள்!

ஜாக்கி வைத்துப் பார்ப்பது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலிலும் டிரான்ஸ்ஃபர் லீவர் டூ வீலிலும் இருக்க வேண்டும். இரண்டு முன் ஹப்பையும் பூட்டிவிட வேண்டும்.

இப்போது முன் பிராப்பலர் ஷாஃப்ட் ஹவுசிங்கில் சேரும் இடத்தில் இருக்கும் பிளாஞ்சைக் கையால் பிடித்து, முதலில் முன்னும் பின்னுமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ‘பிளே’ இருக்கும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. பல்லில் அளந்தால் பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பைடர் கியர், அச்சு, ஹப் ஆகியவற்றின் பிளேயும் இதோடு சேர்வதால் கைக்கு அதிகமாகவே தெரியும். ஆக, சுழற்சியில் பிளே இருப்பது மட்டும் குற்றமல்ல.

அதே பிளாஞ்சை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு திசையிலும் அசைவே இருக்கக்கூடாது. இருந்தால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. முழுச் சோதனையிலும் முக்கியமானது இதுதான். பினியன் ஆடினால் அது கிரவுனைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் மாறுகிறது. அப்படி ஓடிய கிரவுனும் பினியனும் சேர்ந்தே கெட்டிருக்கும். சுழற்சிப் பிளேயைக் காட்டி வண்டியை வேண்டாம் என்று சொல்கிறவர்களும், பினியன் ஆடுவதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்களும் நிறைய. இந்த வேறுபாட்டை அறிந்தவர் ஏமாற மாட்டார்.

கடைசியாக ஒரு கணக்கு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மறுபக்கத்துச் சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்றுக்குத்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அந்த எண்ணிக்கைதான் அச்சின் கியர் விகிதம். பின்னாலும் இதேபோல் பார்க்க வேண்டும் (கட்டையை முன் சக்கரங்களுக்கு மாற்றிவிட்டு, பழைய ஜீப் வகைகளில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேசின் பின்னால் பின் ஷாஃப்ட்டையே பிடிப்பதால் அதையும் விடுவித்துவிட்டு). இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இது எதற்கு? ஜீப்கள் பல கை மாறியவை. ஹவுசிங்குகளும் மாறியிருக்கும். இந்த இனத்தின் மூலமான வில்லிஸ் எம்.பி. ராணுவ ஜீப்புக்கு விகிதம் 4.88, அதன் பின் வந்த பொதுமக்கள் ஜீப்களில் 5.38. வெளியே பார்க்க ஒரே மாதிரி ஹவுசிங், உள்ளே வேறு பல். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பொருத்தி ஃபோர் வீலில் போட்டால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எந்த டிஃபரன்ஷியலும் அதைத் தாங்காது. முன்னும் பின்னும் டயர் அளவு வேறாக இருந்தாலும் இதே கதைதான்.

சக்கரத்தைச் சுற்றியும் ஷாஃப்ட் அசையவே இல்லை என்றால்? எங்கோ ஒரு ஹப் பிடிக்கவில்லை, அல்லது அச்சு உடைந்திருக்கிறது. ஷாஃப்ட்டே இல்லாத வண்டிகளும் உண்டு. சத்தம் வந்தது என்று கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டு, லீவரை மட்டும் காட்டி ‘ஃபோர் வீல்’ என்று விற்பார்கள்.

பணமும் உயிரும்

கோளாறு கண்டுபிடித்தால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சீல் போயிருக்கிறது, ஆயில் குறைந்திருக்கிறது, ஆனால் பினியன் ஆடவில்லை, செதில் இல்லை என்றால் சீலையும் ஆயிலையும் மாற்றி ஓட்டலாம். பேரிங் மட்டும் கரகரத்து, பல் நன்றாக இருந்தால் பேரிங் வேலையோடு முடியலாம். பல் போயிருந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அவை ஒன்றோடொன்று சேர்த்து இழைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிற்காது. ஷிம் வைத்து, பேரிங் இறுக்கம் பார்த்து, பல்லில் சாயம் தடவித் தொடும் இடம் பார்த்துப் பொருத்தத் தெரிந்த கை வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய ஹவுசிங்கை அப்படியே வாங்கி மாட்டுவதும் ஒரு வழி. ஆனால் அதன் வரலாறும் தெரியாது. இதே சோதனையை அதற்கும் செய்ய வேண்டும்.

“முன் அச்சு வருஷத்துக்கு நாலு நாள்தான் வேலை செய்யப் போகுது, அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நகரத்தில் அழகுக்கு ஜீப் வைத்திருப்பவருக்கு அந்த நாலு நாளும் இல்லை. அவர் டூ வீல் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றும் ஜீப்புக்கு, எஸ்டேட்டுக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகும் ஜீப்புக்கு, அந்த நாலு நாள் எது என்று யார் சொல்வது? மழையில் நனைந்த கல் பாதையில் இறங்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரங்கள் லேசாகின்றன. டூ வீலில் இன்ஜின் பிரேக் அந்த லேசான பின் சக்கரங்களில் மட்டுமே பிடிக்கும். ஃபோர் வீல் லோவில் போட்டால்தான் எடை விழும் முன் சக்கரங்களும் வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அழுத்தாமல் மெதுவாக இறங்க அதுதான் வழி. அந்த இறக்கத்தின் நடுவில் தேய்ந்த பல் நழுவினால், பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது.

இறக்கத்தில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஏறும்போது சுமை தாங்கும் பல் முகம் வேறு, இறங்கும்போது தாங்கும் முகம் வேறு. பின் அச்சுக்கு வெட்டிய அதே வகைப் பல்லையே முன்னால் திருப்பி வைத்திருக்கும் பழைய ஜீப் அச்சுகளில், முன்னோக்கி இழுக்கும்போது சுமை பல்லின் பலவீனமான முகத்தில் விழுகிறது. அதனால் பின்னால் நாளெல்லாம் தாங்கும் சுமையை முன்னால் அதே பல் அவ்வளவு காலம் தாங்காது. ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். தெருமுனை வரை போய் வருவது சோதனையே அல்ல.

இந்த வண்டிகளை வாங்குகிறவர்களில் பலர் வசதிக்காரர்கள் அல்ல. கடன் வாங்கி, நகை அடகு வைத்து, ஒரு ஜீப்பை நம்பித் தொழில் தொடங்குகிறவர்கள். முன் டிஃபரன்ஷியல் வாங்கிய இரண்டாவது மாதம் உடைந்தால் வட்டி நிற்காது, வண்டி நின்றுவிடும். விற்றவர் “நான் விக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு” என்பார். அதை மறுக்க எந்தச் சான்றும் இருக்காது.

அதனால் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிப் பேரத்தில் ஒரு வழக்கம் உருவாக வேண்டும். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் துண்டுக்குள் கை விடுவதில்லை. யாரும் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. அதுபோல, முன் ஹவுசிங்கின் பிளக்கைத் திறந்து ஆயிலைப் பார்த்துவிட்டு, பினியனை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். வடித்த ஆயிலுக்குப் பதில் புது ஆயிலை வாங்குகிறவரே ஊற்றிக் கொடுக்கட்டும். அது பெரிய செலவில்லை. நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு இதனால் நஷ்டமில்லை, சொன்ன விலை நிற்கும். பிளக்கில் கை வைக்கவே கூடாது என்கிறவரிடம் டூ வீல் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் பேச வேண்டியதில்லை.